வெறுந்தட்டு

1

மார்கழி பிறந்து நாலு நாள். இரவு பெய்த மழை ஒழுங்கையில் நிற்கிறது. பக்கத்து வீட்டு விறாந்தையில், மணல் நிரப்பிய வாளியில் சவுக்கங்கொப்பு ஒன்றை நட்டிருக்கிறார்கள். ஈரப் பாரத்தில் அதன் தலை சரிந்தது. வீட்டுச் சின்னவன் கம்பி ஒன்றை வைத்து நிமிர்த்திக் கட்டினான். பிறகு பார்மசிப் பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துக் கொப்புகளில் வைத்தான்.

"என்ன தம்பி அது?" வேலிக்கு இங்கால் நின்று கேட்டேன்.

"பனி, மாமா."

எங்களுக்குப் பனி என்றால் விடியப்புறம் உச்சியில் இறங்கும் ஈரம். தடிமன் பிடிக்கும், துவாயால் தலையை மூடு என்று அம்மா சொல்லும் பனி. அவன் கொப்பில் வைத்தது வேறு பனி. அவன் கண்டதில்லை, நானும் கண்டதில்லை.

இந்த மரத்தை வெள்ளைக்காரர் பழக்கம் என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலேயருக்கே அது கடன். ஜெர்மன் வீடுகளின் வழக்கம் இங்கிலாந்தில் பரவியது 1840களில்தான். விக்டோரியா அரசியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848இல் லண்டன் பத்திரிகையில் வந்தபிறகு வீடுதோறும் மரம் நின்றது. அங்கே ஊசியிலை மரம், இங்கே சவுக்கு. சவுக்கும் இந்த மண்ணில் தானாக முளைத்ததல்ல, கொண்டுவந்து நட்டது. இன்று காரைநகரில் ஒரு கடற்கரைக்கே அதன் பெயர்: கசூரினா.

2

தமிழ்நாட்டு நண்பர் ஒருவருக்கு நத்தார் வாழ்த்துச் சொன்னேன். "நத்தார்னா யாரு?" என்று கேட்டார்.

போர்த்துக்கேயர் கிறிஸ்து பிறப்பை நத்தால் என்றார்கள். எங்கள் நாவில் அது நத்தார் ஆனது. கதிரையும் அலுமாரியும் குசினியும் சப்பாத்தும் பாணும் வந்த அதே வழியால் வந்த சொல். நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவரும் நத்தார் என்றுதான் சொல்வார், வாய் கூசாது. அந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர்கள்தான் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்து, பிறகு நல்லூர்க் கோயிலை இடித்தவர்கள். இடித்த கை நினைவில் இருக்கிறது. சொல்லும் நாவில் இருக்கிறது. இரண்டும் ஒரே தலைக்குள் எப்படிச் சண்டை பிடிக்காமல் இருக்கின்றன என்று இன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

3

நத்தாரை அதிகம் வெறுத்தவர்கள் சைவர்கள் என்று நினைத்தால் அது பிழை.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். அவர்களும் கிறிஸ்தவர்களே. ஆனால் கத்தோலிக்கப் பூசைக்குத் தடை. 1687இல் கோவாவிலிருந்து கூலிக்காரர் கோலத்தில் வந்து இறங்கிய யோசேப் வாஸ் அடிகள், சில்லாலைப் பக்கம் ஒளிந்திருந்து இரவுகளில் பூசை வைத்தார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவு, பூசைக்குக் கூடியிருந்தவர்கள்மேல் ஒல்லாந்தப் படையினர் பாய்ந்தார்கள். அடிகள் தப்பினார், சனம் அகப்பட்டது. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்புக்கு வந்து அவரைப் புனிதராக அறிவித்தார்.

1816 முதல் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் வந்து குடியேறிய அமெரிக்க மிசனரிமார் தூய்மைவாத மரபின் பிள்ளைகள். அந்த மரபுக்கு டிசம்பர் 25 பெருநாள் அல்ல. அவர்களுடைய முன்னோர் மசாசூசெட்ஸில் 1659இல் ஒரு சட்டமே போட்டிருந்தார்கள்: நத்தார் கொண்டாடினால் ஐந்து சிலிங் தண்டம். 1681வரை அது இருந்தது. வேதத்தில் இல்லாத நாள், பிற சமயத்தாரிடமிருந்து ஒட்டிக்கொண்ட வழக்கம் என்பது அவர்கள் கட்சி.

இன்று ஒரு சைவப் பெரியவர் கேக் வெட்டுவதைப் பார்த்து முகம் சுளிக்கும்போது சொல்லும் நியாயமும் ஏறத்தாழ இதுதான்.

4

ஆறுமுக நாவலரை நினைக்காமல் யாழ்ப்பாணத்தில் இதைப்பற்றி எழுத முடியாது.

வெஸ்லியன் மிசன் பாடசாலையில் படித்து, அங்கேயே படிப்பித்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத்தைத் தமிழாக்க உதவியவர். பாதிரிமார் என்ன செய்கிறார்கள் என்பதைக் கிட்டநின்று கண்டவர். வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தன் முதலாவது பிரசங்கத்தை அவர் நிகழ்த்தியது 1847 டிசம்பர் 31, ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் ஆங்கிலப் புத்தாண்டு. அந்த நாளை அதற்காகத்தான் தெரிந்தாரா என்பதல்ல என் யோசனை. கிழமைக்கொரு பிரசங்கம், கேள்வியும் பதிலுமாகச் சமய நூல், அச்சுக்கூடம், பாடசாலை எல்லாம் பாதிரிமாரிடமிருந்து எடுத்தவை. உள்ளே வைத்தது சைவம். 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கியது.

கடன் வாங்காதே என்று சொன்னவர் என்று அவரை நினைவில் வைத்திருக்கிறோம். என்ன வாங்குவது என்று தெரிந்து வாங்கியவர் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

5

மழை. மின்சாரம் இல்லை. இருட்டில் 1995 வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. நத்தார் நேரம் நாங்கள் கொடிகாமத்தில், ஒரு வீட்டு மாலில். நடுவில் சேலை கட்டி மறைப்பு. மறைப்புக்கு அங்கால் குருநகரிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று. சீனி, மா, மண்ணெண்ணெய் எதுவும் தொடமுடியாத விலை.

25ஆம் திகதி காலமை, மறைப்பை விலக்கிக்கொண்டு அந்த அம்மா வந்தா. கையில் பானை மூடி. அதில் இரண்டு துண்டு பனங்கட்டி, ஒரு பிடி பொரி. "நத்தார் பலகாரம்" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தா.

என் அம்மா வெள்ளிக்கிழமையில் பிற வீட்டுத் தண்ணீரும் குடியாதவ. அந்த மூடியை இரண்டு கையாலும் வாங்கினா. பனங்கட்டியை உடைத்து எங்கள் நாலு பேருக்கும் தந்தா. மூடியைக் கழுவினா. பிறகு அதை மடியில் வைத்தபடி நெடுநேரம் இருந்தா.

"என்னம்மா?"

"வெறுந்தட்டாக் குடுக்கிறேல்லை, தம்பி."

கடைசியில் எங்களிடம் இருந்த தேயிலையில் ஒரு பிடியைக் கடுதாசியில் மடித்து வைத்துக் கொடுத்தா. மூன்று கிழமை கழித்துத் தைப்பொங்கலுக்கு அந்தப் பானையையே இரவல் வாங்கிப் பொங்கினோம். முதல் அகப்பை சூரியனுக்கு, இரண்டாவது மறைப்புக்கு அங்கால்.

அந்த நத்தாரில் மரம் இல்லை, கேக் இல்லை, தாத்தா இல்லை. நான் கண்ட நத்தார்களில் குறைவற்றது அதுதான்.

6

இதை எழுதாமல் விட்டால் நேர்மை ஆகாது.

போர் முடிந்தபின் வந்த ஆண்டுகளில், வைகாசியில் யாழ் நகரத்துச் சந்திகளில் படையினர் வெசாக் கூடுகள் கட்டினார்கள். மூங்கில் சலாகை, மெல்லிய நிறத்தாள், உள்ளே விளக்கு. சனம் பார்க்கப் போனது. பிள்ளைகள் தோளில் ஏறி நின்று பார்த்தார்கள். அழகுதான். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டிலும் ஒரு கூடு தொங்கவில்லை.

சிங்களவர் வழக்கம் என்பதாலா? கொழும்பில் வேலை பார்த்த காலத்தில், சித்திரைப் புத்தாண்டுக்கு மேல்வீட்டுச் சிங்கள அம்மா பாற்சோறும் கொக்கிசும் வாழையிலையால் மூடி அனுப்புவா. அடுத்த முறை ஊரிலிருந்து வரும்போது பயத்தம் பணியாரம் கொண்டுபோய்க் கொடுப்பேன். கொக்கிசின் பெயரும் ஒல்லாந்தரிடமிருந்து வந்ததே. அங்கே ஒரு தடையும் இருந்ததில்லை. சந்தியில் தொங்கும் கூட்டுக்குப் பதில் தட்டை எந்தப் படலையில் கொண்டுபோய்க் கொடுப்பது?

1966இல் அரசு ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டு, நிலாவின் கணக்கில் போயா நாளை ஓய்வுநாள் ஆக்கியது. கிழமையின் தலையும் வாலும் மாறின. 1971இல் ஞாயிறு திரும்பி வந்தது. ஆணையில் வந்தது ஆணையில் போனது.

அப்படியென்றால் நத்தார்? அதுவும் வாளோடு வந்த சொல்தானே. வாள் போய் முந்நூற்றறுபது வருடம் தாண்டிவிட்டது. அதன்பிறகு அந்தச் சொல்லைச் சுமந்தது பாசையூரிலும் குருநகரிலும் சில்லாலையிலும் இருந்த வீடுகள், ஒல்லாந்தனிடம் அடிவாங்கியபடி. எந்த விழாவையும் கொண்டுவந்த அதிகாரம் எழும்பிப் போனபின்தான் அது யாருடையது என்று தெரியும்.

7

ஐப்பசியில் எழுதியிருக்க வேண்டியது.

கனடாவிலிருக்கும் என் பெறாமகள் ஸ்காபரோ வீட்டு வாசலில் பூசணிக்காயைக் குடைந்து கண்ணும் பல்லும் வெட்டி விளக்கு வைத்திருந்தாள். அவளுடைய மகன் எலும்புக்கூட்டு உடுப்பில். "பேய்க்கும் திருவிழாவோ?" என்று என் மனைவி கேட்டாள். "பக்கத்து வீட்டுப் பிள்ளையளெல்லாம் இனிப்புக்கு வருங்கள், பெரியம்மா. நாங்கள் மட்டும் லைற்றை நூத்துப்போட்டு இருக்கேலுமோ?"

கந்தசட்டி முடிவில் சூரன்போரை அவர்களுக்குத் தொலைபேசியில் காட்டினேன். யானைத் தலை போய்ச் சிங்கத் தலை வந்தது, அதுவும் போய்ச் சூரன் தலை வந்தது. பேரன் திரைக்குள் துள்ளினான்: "பெரியப்பப்பா, உங்கட ஊரிலயும் ஹலோவீனா?"

எல்லோரும் சிரித்தோம். பிறகு நான் சூரனைப் பார்த்தபடி நின்றேன். கடைசியில் அவன் மாமரமாகி நிற்கிறான், வேல் பிளக்கிறது, ஒரு பாதி சேவல், ஒரு பாதி மயில். ஒன்று கொடியில் ஏறுகிறது, ஒன்று முருகனைச் சுமக்கிறது. சிறுவயதிலிருந்து வருடம்தோறும் பார்த்தும், எதிரியை என்ன செய்தார்கள் என்பதை அன்றுதான் கவனித்தேன்.

அந்தக் கனடாவின் பாராளுமன்றம் 2016இல் சனவரியைத் தமிழ் மரபுத் திங்கள் ஆக்கியது, பொங்கல் வரும் மாதம் என்பதால். அங்கேயும் ஒரு தட்டு திரும்பி வந்திருக்கிறது.

8

இந்த முறை திருவெம்பாவையும் நத்தாரும் ஒன்றாகத் தொடங்கின. விடிய நாலு மணிக்குச் சங்கும் சேமக்கலமும் ஒழுங்கையால் போயின. பெடியள் துவாயால் தலையை மூடியிருந்தார்கள். அதே நேரம் பக்கத்து வீட்டார் விடியற் பூசைக்குப் புறப்பட்டுப் படலையடியில் நின்றார்கள். பாடிக்கொண்டு போனவர்கள் கடக்கும்வரை நின்று, பிறகு சைக்கிளை வெளியே எடுத்தார்கள். யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

பத்து மணிபோல் தட்டு வந்தது. மினுமினுப்புத் தாளில் சுற்றிய ரிச் கேக் துண்டுகள் ஆறு, பயத்தம் பணியாரம், நாலு கதலிப்பழம். ரவையும் கசுக்கொட்டையும் ஏலமும் போட்டு, ஒரு மாதத்துக்கு முன்பே அடித்து வைத்த கேக். ஒரு துண்டைச் சாமியறைப் பக்கம் கொண்டுபோகாமல் குசினியில் வைத்தே சாப்பிட்டேன். முட்டை இருக்கிறது. அவ்வளவுதான் என் ஆசாரம்.

மாலையில் தட்டு கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது. பொங்கலுக்கு இன்னும் மூன்று கிழமை. மனைவி குசினி வாசலில் நின்று வளவைப் பார்த்தாள். பிறகு குடையோடு இறங்கி, மழைக்குக் காய்த்த தேசிக்காய் ஏழெட்டைப் பறித்துக் கழுவித் தட்டில் வைத்தாள்.

நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். விறாந்தையில் தூவானம் அடித்து, சவுக்கங்கொப்பில் பஞ்செல்லாம் நனைந்து சுருங்கித் தொங்கியது. சின்னவன் தட்டை வாங்கினான்.

"பனி உருகிப் போச்சு, மாமா" என்றான்.