பெயர் சொல்லாத வியாதி

இரவில் பாம்பைப் பாம்பு என்று சொல்லக்கூடாது, 'பூச்சி' என்றுதான் சொல்ல வேண்டும் என்பார்கள் நம் வீட்டுப் பாட்டிமார். பெயரைச் சொன்னால் வந்துவிடுமாம். புற்றுநோய் விஷயத்தில், படித்த நாமும் இதையேதான் செய்கிறோம். 'அந்த வியாதி' என்கிறோம், 'கட்டி' என்கிறோம். ஊருக்கெல்லாம் விஷயம் தெரிந்திருக்கும். யாருடைய உடம்பில் அது இருக்கிறதோ, அவர் காதில் மட்டும் அந்தச் சொல் விழாமல் காவல் காக்கிறோம்.

இது அன்பா, அநியாயமா?

ஒக்கூர் என்றதும் தமிழ் படித்தவர்களுக்குச் சங்கப் புலவர் மாசாத்தியார் நினைவுக்கு வருவார். எனக்கு வருவது ஓர் ஆச்சியின் நினைவு. பெயர் வேண்டாம். மார்பில் கட்டி கண்டு, சென்னையில் அறுவைச் சிகிச்சை ஆயிற்று. "சாதாரணக் கொழுப்புக் கட்டி ஆத்தா, எடுத்தாச்சு" என்று மூத்த மகன் சொல்லிவிட்டார். மருத்துவச் சீட்டுகள் அவருடைய பெட்டிக்குள் போய்விட்டன. பேத்திகளுக்கும் கண்டிப்பான உத்தரவு. வளவில் நாலு பேர் கூடிப் பேசும்போது ஆச்சி வந்தால், பேச்சு சட்டென்று மழைக்கும் கண்மாய்க்கும் தாவிவிடும். தலைமுடி கொட்டியபோது, 'மருந்துச் சூடு' என்றார்கள்.

ஆச்சி ஒன்றும் விவரம் தெரியாதவரல்ல. பர்மாவிலிருந்து வந்த கணக்குகளை மாமனாருக்குப் படித்துக் காட்டியவர். ஒருநாள் முகப்பில் உட்கார்ந்திருந்தபோது என்னிடம் மெல்லச் சொன்னார்: "கொழுப்புக் கட்டிக்கு யாரு தம்பி இத்தனை தடவை மெட்ராசுக்குக் கூட்டிக்கிட்டுப் போவாக? எனக்குத் தெரியும். கேட்டா அவன் அழுதுருவான். அதான் கேக்கலை."

தாய்க்காக மகன் நடித்தார். மகனுக்காகத் தாய் நடித்தார். ஒரே கூரையின்கீழ் இருந்த இருவருக்கும் மனம்விட்டு அழ இடமில்லாமல் போயிற்று. உள்ளறையில் அடுக்கியிருந்த சீர்ச்சாமான்களைத் தம் கையாலேயே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று ஆச்சிக்கு ஆசை. பேச்சை எடுத்தாலே, "இப்ப என்ன ஆத்தா அவசரம்?" என்று மகன் எழுந்து போய்விடுவார். சாவிக்கொத்து கடைசிவரை அவர் இடுப்பிலேயே இருந்தது. பிறகு பங்கு பிரித்தபோது, எந்தப் பேத்திக்கு எதை நினைத்து வைத்திருந்தார் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

மகனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறைப்பதற்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. நோய்க்குப் பெயர் வைக்க முடிந்த மருத்துவரால் அதற்குமேல் செய்ய முடிந்தது மிகக் கொஞ்சம். ஒக்கூருக்கு அதிகத் தொலைவில்லாத புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையையே இந்த நோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்தை அவர் கண்ணீரோடு விட்டுவிடவில்லை. 1952-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் அடையாற்றில் பன்னிரண்டே படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. குணமாகாத நோய்க்கு எதற்கு இத்தனை செலவு என்ற எண்ணம் பரவியிருந்த காலம் அது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021-இல் மறையும்வரை அதையே வீடாகக் கொண்டிருந்த டாக்டர் சாந்தாவும் அந்த எண்ணத்தோடுதான் ஆயுள் முழுவதும் போராடினார்கள்.

இன்று நிலைமை வேறு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன யல்லாபிரகட சுப்பாராவின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த மருந்தை, பாஸ்டனில் டாக்டர் ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1948-இல் அவர் வெளியிட்ட விவரப்படி, பதினாறு குழந்தைகளில் பத்துப் பேருக்கு நோய் தணிந்தது. தணிந்தது சில மாதங்களுக்குத்தான். ஆனால் அந்த வழியிலேயே மேலும் மேலும் நடந்து, குழந்தைகளுக்கு அதிகமாக வரும் ரத்தப் புற்று வகையில், நல்ல சிகிச்சை கிடைத்தால் பத்தில் எட்டுக் குழந்தைகளுக்கு மேல் பிழைக்கும் நிலைக்கு வந்திருக்கிறோம். எல்லாப் புற்றுக்கும் இது பொருந்தாது. முற்றிவிட்ட நோயின் முன் மருத்துவம் இன்னும் கைகட்டித்தான் நிற்கிறது. என்றாலும் 'பெயரைச் சொன்னால் சாவைச் சொன்னதாகும்' என்ற கணக்கு பழையதாகிவிட்டது.

மறைப்பதில் ஓர் ஆபத்தும் சேர்ந்துகொண்டது. ஆறு தவணை மருந்து ஏற்றவேண்டிய ஒருவர், 'கட்டிதான் போயிற்றே, இந்த வாந்தியும் வேதனையும் எதற்கு?' என்று மூன்றாவது தவணையோடு நின்றுவிட்டால், அவரை எந்த வார்த்தை சொல்லி மறுபடி அழைத்துப் போவது?

மனத்தை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட ஃபிராய்டிடம்கூட, 1923-இல் அவர் வாயில் வந்தது புற்று என்பதை டாக்டர் டாய்ச் மறைத்தார். தாங்கமாட்டார் என்ற பயம். உண்மை தெரிந்தபோது ஃபிராய்டுக்கு வந்தது கோபம். மறைப்பதற்கு இவருக்கு யார் உரிமை கொடுத்தது என்ற கோபம். அதன்பின் அவர் பதினாறு ஆண்டுகள், முப்பதுக்கு மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளைத் தாங்கி, எழுதிக்கொண்டே வாழ்ந்தார்.

அதற்காக நோயாளியின் முகத்தில் உண்மையை எறிந்துவிட்டுப் போகச் சொல்லவில்லை. முதலில் அவரையே கேட்கலாம்: "டாக்டர் சொன்னதையெல்லாம் உங்களிடம் சொல்லட்டுமா?" என்று. சிலர், "எனக்கு எதற்கு? மகனிடம் சொல்லிவிடுங்கள்" என்பார்கள். அப்போது மறைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அது அவரே கொடுத்த அனுமதி. ஒக்கூர் ஆச்சியிடம் அப்படிக் கேட்டிருந்தால், அவர் முதலில் மகனைப் பக்கத்தில் உட்காரச் சொல்லியிருப்பார். பிறகு சாவிக்கொத்தை எடுத்திருப்பார்.