பழம் புதுசு, டயர் பழசு

"அண்ணாச்சி, பழம் போன வெள்ளிக்கிழமை மாத்துனது மாதிரி இருக்கு. டயர் எப்ப மாத்துனீங்க?"

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். 2024 ஜூன், நல்ல சாரல். பிரேக் பிடித்தால் கார் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று கொண்டுபோயிருந்தேன். மெக்கானிக் பிரேக்கைத் தொடவே இல்லை. முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, டயரின் பக்கவாட்டைத் துணியால் துடைத்து, சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார். வட்டத்துக்குள் நான்கு இலக்கம்: 1416. 2016-ஆம் வருஷம் பதினான்காவது வாரம் செய்த டயர். எட்டு வருஷத்து ரப்பர். கோடை வயல் மாதிரி மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தன. என் விரலைப் பிடித்து டயரின் பள்ளத்துக்குள் வைத்தார். பள்ளத்தின் அடியில் ஒரு சின்ன மேடு இருக்கும். தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். என் டயரில் மேடும் டயரின் மேற்பரப்பும் ஒரே மட்டத்தில் இருந்தன.

அந்த வண்டியில்தான் முந்தின வாரம் அக்காவின் பிள்ளைகளை ஐந்தருவிக்குக் கூட்டிப்போய் வந்தேன், மழையில்.

மெக்கானிக் சொன்ன பழம், அதாவது வண்டியின் முன்னால் தொங்கிய எலுமிச்சையும் மிளகாயும், அம்மா கட்டியது. எனக்குத் திருஷ்டியில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும், யாருக்கும் தீங்கில்லாத பழக்கம்தானே, பெரியவர்கள் மனசு நோக வேண்டாம் என்று விட்டிருந்தேன். தீங்கில்லை என்று நான் நினைத்தது தப்பு. வண்டிக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று என்ற நிறைவை அந்தப் பழம் வாராவாரம் எங்கள் வீட்டுக்குத் தந்துகொண்டிருந்தது. பழம் வாடுவது கண்ணுக்குத் தெரிந்தது, டயர் தேய்ந்தது தெரியவில்லை.

இதைவிடப் பெரிய தீங்கு ஒன்று உண்டு. திருஷ்டி என்கிற எண்ணத்துக்கு ஒரு திசை இருக்கிறது. ஊரார் பொறாமையோடு பார்க்கிறார்கள், அந்தப் பார்வையால் எனக்குக் கெடுதல் வரும் என்பது அதன் சாரம். ஆபத்து வெளியிலிருந்து என்னை நோக்கி வருகிறது. நான் பாதிக்கப்படப் போகிறவன். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் அப்படி நினைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு டன் இரும்பை எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுகிறவன் அப்படி நினைக்கலாமா? அவனைப் பார்த்துப் பொறாமைப்படுவதாகச் சொல்லப்படும் ஆள், தோளில் மண்வெட்டியோடு சாலையோரம் நடக்கிற கூலிக்காரர். அந்த இருவரில் யாரால் யாருக்கு ஆபத்து?

பூசணிக்காயைப் பாருங்கள். ஆயுத பூஜை முடிந்த இரவு, என் வண்டிக்குக் கெடுதல் வரக்கூடாது என்று குங்குமம் தடவிய பூசணியை நடுரோட்டில் உடைக்கிறேன். விடியற்காலையில் பால் கேனோடு வருகிறவரின் டூவீலர் அந்தச் சதையில் ஏறிச் சறுக்குகிறது. உள்ளே போட்ட சில்லறையைப் பொறுக்கச் சின்னப் பிள்ளைகள் வண்டிகளுக்கு நடுவே ஓடுகிறார்கள். என் பயத்தை இன்னொருவர் எலும்பின் மேல் இறக்கி வைத்துவிட்டு நான் நிம்மதியாகத் தூங்குகிறேன். தெருவை மறித்துக் கல்லைப் போட்டால் அதைக் குற்றம் என்போம். பூசணிக்குப் பெயர் மட்டும் பூஜை.

2024 ஜனவரி கடைசியில், புளியங்குடியைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் குற்றாலத்தில் குளித்துவிட்டு ஊர் திரும்பும்போது, சிங்கிலிப்பட்டி பக்கம் விடியுமுன் அவர்கள் காரும் சிமெண்ட் லாரியும் மோதி, ஆறு பேருமே இறந்துபோனார்கள். யார் தவறு என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் அந்த வாரம் ஒரு டீக்கடையில் என் காதில் விழுந்தது இது: "என்ன கண்ணு பட்டுச்சோ, விதி முடிஞ்சுட்டு." பரிதாபத்தில் சொன்ன வார்த்தைதான். அந்தச் சொல்லோடு பேச்சும் முடிந்துவிட்டது. சீசன் இரவுகளில் எத்தனை பேர் இப்படித் திரும்புகிறார்கள், எப்படித் திரும்புகிறார்கள் என்று யாரும் மேற்கொண்டு பேசவில்லை.

எப்படித் திரும்புகிறோம் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படித் திரும்பியவன்தான். பகலெல்லாம் வேலை. கூட்டம் குறையும் என்று நடுராத்திரி குற்றாலத்துப் பேரருவிக்குப் போவோம். தலையில் எண்ணெய் தேய்த்து ஒரு மணி நேரம் தண்ணீரில் நிற்போம். பசி பிய்க்கும். செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டரில் புரோட்டாவும் நாட்டுக்கோழியும். அதன் பிறகு ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது மணி இரண்டு, மூன்று. மனித உடம்பு தூக்கத்துக்கு ஆழமாக இழுபடும் நேரம் அது. எண்ணெய்க் குளியலும் நிறைந்த வயிறும் சேர்ந்தால் கண் சொக்காமல் என்ன செய்யும்? எண்பது கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி இமை மூடினால் வண்டி அறுபத்தாறு மீட்டர் குருடாக ஓடியிருக்கும். சபரிமலை சீசனில் செங்கோட்டை வழியாகப் போகும் வேன்களை ஓட்டுகிறவர்களில் இரண்டு ராத்திரி படுக்காதவர்களும் உண்டு. உள்ளே இருபது பேர் சரணம் சொல்கிறார்கள். ஓட்டுகிற மனிதர் தூங்கினாரா என்று அதில் ஒருவராவது கேட்டிருந்தால், அந்த விரதத்துக்கு நானும் தலை வணங்குவேன்.

ஆக, சாலையில் கண்ணேறு உண்மையிலேயே இருக்கிறது. அது ஓட்டுகிறவன் கண்ணில் இருக்கிறது: சொருகும் கண், போனைப் பார்க்கும் கண். வண்டியின் கண்ணும் அப்படித்தான். தென்காசி - மதுரை சாலையில் ராத்திரி வண்டி ஓட்டியவர்களுக்கு, எதிரே ஹைபீமைத் தணிக்காமல் வருகிறவனால் சில விநாடி எதுவுமே தெரியாமல் போகும் திகில் தெரியும். கம்பெனி விளக்கைக் கழற்றிவிட்டுக் கண்ணைப் பறிக்கும் எல்இடி மாட்டுகிறோம். அதற்குக் கீழேயே, அடுத்தவன் பார்வை நம்மைச் சுடக்கூடாது என்று எலுமிச்சை கட்டுகிறோம்.

கேரள எல்லையில் உள்ள புளியரை மலை இறக்கத்துக்கு வருவோம். கேரளத்திலிருந்து வருகிற டிரைவர்கள் கோட்டைவாசலில் கருப்பசாமிக்குக் காசு போட்டுவிட்டு இறங்குவார்கள். அங்கே நிற்பதை நான் குறை சொல்ல மாட்டேன். இறக்கத்துக்கு முன் ஐந்து நிமிஷம் நிற்பது நல்ல காரியம். இறங்குகிற விதத்தில்தான் கேள்வி. பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் உருட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய வண்டிகளில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினுக்குப் போகும் எரிபொருளே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமலிருக்க எரிபொருள் செலவாகும். மிச்சம் என்ற கணக்கே தலைகீழ். அதோடு எஞ்சின் பிடிப்பும் போய், முழு பாரமும் பிரேக்கில் விழும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 4 என்று டப்பாவில் போட்டிருக்கும் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிவிட்டால் 155 வரை இறங்கிவிடும். மாற்றாமல் விட்ட ஆயில் நீண்ட இறக்கத்துச் சூட்டில் கொதித்துக் குமிழ் விட்டால், மிதி தரையோடு போகும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும். இந்த இரண்டுக்கும் எந்தத் தெய்வமும் தடை சொன்னதில்லை.

டாஷ்போர்டில் சாமி வைக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இடப்பக்க இருக்கைக்கான ஏர்பேக் பெரும்பாலும் அந்தப் பலகைக்குள்தான் மடிந்து கிடக்கிறது. மோதினால் கண் இமைப்பதற்குள் மூடியைப் பிளந்து விரியும். மூடிமேல் ஒட்டிய பித்தளைப் பிள்ளையார் அப்போது உங்கள் மனைவியின் முகத்தை நோக்கித்தான் பறப்பார். சாமி வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த இடம் வேண்டாம்.

பிரிட்டனில் மூன்று வயதான கார் வருஷாவருஷம் ஒரு பரிசோதனையில் தேற வேண்டும்; 1960-இல் தொடங்கிய முறை. டயர் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் தேறாது. அங்கே கார்க்காரர்கள் இருபது பென்ஸ் நாணயத்தைப் பள்ளத்துக்குள் செருகிப் பார்த்துக்கொள்வார்கள். நாணயத்தின் வெளி விளிம்பு தெரிந்தால் டயரைக் காட்டப் போவார்கள். 2022-இல் அந்த நாட்டில் சாலையில் இறந்தவர்கள் சுமார் 1,700 பேர். அதே வருஷம் தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். அங்கே மக்கள் நம்மைவிடச் சற்றே குறைவு, வாகனங்கள் நான்கு கோடி. இந்த வித்தியாசத்துக்குச் சாலை, சட்டம், ஆஸ்பத்திரி என்று காரணங்கள் பல உண்டு. ஆனால் நம் ஊரில் சொந்தக் கார் என்றால் புகைச் சான்றும் இன்சூரன்ஸும் போதும். பதினைந்து வருஷம் வரை அதன் பிரேக்கை யாரும் கட்டாயப்படுத்திப் பார்ப்பதில்லை. கூட்டுத்தொகை எட்டு வராத வண்டி நம்பருக்காக நடையாக நடக்கிற நாம், இதற்காக ஒரு மனுவாவது போட்டிருக்கிறோமா?

2024 பிப்ரவரியில், ஒரு பின்னிரவில், அதே புளியரை இறக்கத்தின் எஸ் வளைவிலிருந்து பிளைவுட் ஏற்றிய லாரி ஒன்று கீழே ரயில் தண்டவாளத்தில் விழுந்தது. டிரைவர் இறந்துபோனார். சத்தம் கேட்டு எழுந்த ஒரு வயதான தம்பதி, ரயில் வரும் என்று கணித்து, டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தோடு ஓடினார்கள். வெளிச்சத்தை ஆட்டி ஆட்டி ரயிலை நிறுத்தினார்கள். படித்துப் பட்டம் வாங்கியவர்கள் விதி என்று பேசிக்கொண்டிருக்கும் ஊரில், அவர்கள் இருவரும் அடுத்து என்ன நடக்கும் என்று யோசித்தார்கள். பகுத்தறிவுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஒர்க்‌ஷாப்புக்குப் போன அன்றைக்கே நான்கு டயரையும் மாற்றினேன். முன் டயர்களைக் கழற்றும்போது பழம் இடைஞ்சலாக இருக்கிறது என்று மெக்கானிக் அவிழ்த்து வைத்தார், திரும்பக் கட்டவில்லை. வீட்டு வாசலில் அம்மா பார்த்துவிட்டார்.

"பழத்த ஏம்ல அவுத்த?"

அம்மா கையைப் பிடித்துக் கூட்டிப்போய், புது டயரின் பள்ளத்துக்குள் விரலை வைத்தேன். பிறகு பின்னால் டிக்கியைத் திறந்து, கழற்றிய டயரின் மேல் வைத்தேன். அம்மா மறுபடி புதுசைத் தொட்டார், மறுபடி பழசைத் தொட்டார்.

"இதுலயா பிள்ளைகள அருவிக்குக் கூட்டிட்டுப் போன?" என்று கேட்டார்.