ஆர்லாண்டோவை அடையாளம் கண்டவர்கள்

ஆன்மாவுக்கு ஆண், பெண் என்ற பேதம் கிடையாது என்று நம் சமயப் பெரியவர்கள் சொல்லிவந்திருக்கிறார்கள். திருநங்கையர் பற்றிப் பேச்சு எழும்போது பரிவுள்ளவர்கள் முதலில் எடுத்து வைப்பதும் இதைத்தான்: உடல் கழற்றிப் போடும் ஆடை, உள்ளே இருப்பதற்குப் பால் ஏது? நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த உடலோடுதான் ஒருவர் தெருவில் நடக்கிறார், வேலை கேட்கிறார், காதலிக்கிறார். உடலை ஒரு பொருட்டில்லை என்று தள்ளிவிட்டு ஆளை ஏற்றுக்கொள்வது பாதி ஏற்புதான். இதைவிட நேர்மையான பதில் வர்ஜீனியா வுல்ஃபின் ‘ஆர்லாண்டோ’ நாவலில் இருக்கிறது. இரண்டாம் வாசிப்பில்தான் அது முழுசாகப் பிடிபடுகிறது.

1928 அக்டோபரில் வெளிவந்த நாவல் அது. முதலாம் எலிசபெத் அரசி காலத்தில் பிரபு குடும்பத்துப் பையனாக அறிமுகமாகும் ஆர்லாண்டோ முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்கிறான். நடுவில், கான்ஸ்டான்டிநோபிளில் தூதராக இருக்கும்போது, ஏழு நாள் தூங்கிப் பெண்ணாக எழுகிறான். முதல் முறை படிக்கையில் இந்தத் திருப்பம் மற்றதையெல்லாம் விழுங்கிவிடும். தெரிந்துகொண்டு படித்தால் கவனம் வேறு இடங்களில் நிற்கிறது. அவன் ஆண் என்பதில் ஐயமே இல்லை என்று முதல் வாக்கியத்திலேயே வுல்ஃப் அடித்துச் சொல்வது ஏன் என்று அப்போதுதான் உறைக்கிறது. எழுந்த ஆர்லாண்டோ நிலைக்கண்ணாடியில் தன்னை ஏற இறங்கப் பார்க்கிறாள். பதறாமல் குளிக்கப் போகிறாள். நினைவு தடங்கலின்றிப் பின்னோக்கிச் செல்கிறது. அன்றிருந்தவரும் இன்றிருப்பவரும் ஒரே ஆள் என்பதற்கு நினைவின் தொடர்ச்சியே ஆதாரம் என்று 17ஆம் நூற்றாண்டில் ஜான் லாக் வாதிட்டார். வுல்ஃப் அதோடு நிற்கவில்லை. சிறுவனாக 1586இல் எழுதத் தொடங்கிய ‘ஓக் மரம்’ என்ற கவிதையின் கைப்பிரதியை ஆர்லாண்டோ போகுமிடமெல்லாம் கொண்டுபோகிறாள். ஜிப்சிகளோடு மலையில் ஆடு மேய்க்கும் காலத்தில் மை கிடையாது. காட்டுப் பழங்களையும் மதுவையும் கொண்டு மை செய்து, பழைய பிரதியின் ஓரங்களில் இண்டு இடுக்கு விடாமல் எழுதுகிறாள். ஆணாகத் தொடங்கியதைப் பெண்ணாகத் தொடர்கிறாள். பாலற்ற ஓர் ஆன்மாவை இடையில் கொண்டுவர இங்கே தேவையே எழவில்லை.

அப்படியானால் வுல்ஃபும் பால் முக்கியமில்லை என்றுதானே சொல்கிறார் என்று கேட்கலாம். இல்லை. ஆள் மாறவில்லை, ஆனால் ஆளின் எதிர்காலம் மாறிவிட்டது என்கிறார். ஆண் பெண் வேறுபாடு பெரிதாகத் தெரியாத ஜிப்சிகளிடையே ஆர்லாண்டோ அதைப் பற்றி நினைக்கவே இல்லை. இங்கிலாந்து திரும்பும் கப்பலில் பாவாடை காலைச் சுற்றும்போதுதான் நினைக்கிறாள். அவள் கணுக்கால் தெரிந்ததும் பாய்மரத்தின் மேலிருந்த மாலுமி தடுமாறி விழப் பார்க்கிறான். ஆடைதான் மனிதரை உருவாக்குகிறது என்ற வாதத்தையும் வுல்ஃப் எடுத்துப் பேசுகிறார். கடைசியில், ஆடை ஆழத்தில் கிடக்கும் ஒன்றின் அடையாளம் என்ற பக்கமே சாய்கிறார். ஆர்லாண்டோ பெண்ணுடை அணிந்தது அவளுக்குள்ளேயே நேர்ந்த மாற்றத்தால்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஏங்காமல், வலிக்காமல், அறுவை சிகிச்சை இல்லாமல், தூக்கத்தில் மாறிவிடும் ஒரு பிரபுவின் கதை எந்தத் திருநங்கையின் கதை? திருநங்கையின் வாழ்வைச் சொல்லும் சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ நாவலைப் படித்த தமிழ் வாசகருக்கு இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. மறுப்பு நியாயமானது, நாவலில் அந்த ஏக்கம் இல்லை. ஆனாலும் திருநம்பியான தத்துவ அறிஞர் பால் பிரெசியாதோ 2023இல் இதே நாவலை வைத்துப் படம் எடுத்தபோது, பால்மாற்றம் கண்ட பலர் ஒவ்வொருவராக வந்து தம்மை ஆர்லாண்டோ என்று அறிமுகப்படுத்திக்கொண்டார்கள். தூக்கம் அவர்கள் அனுபவமாக இருந்திராது. விழித்த பின் நடப்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

விழித்த பின் வருவது வழக்கு. ஆர்லாண்டோ இறந்துவிட்டாள், ஆகவே சொத்துக்கு உரிமையில்லை என்பது ஒரு வாதம். அவள் பெண், ஆகவே கிட்டத்தட்ட அதே கதிதான் என்பது இன்னொன்று. இது வெறும் கற்பனையல்ல. ஆர்லாண்டோவுக்கு முன்மாதிரி வுல்ஃபின் காதலி விட்டா சாக்வில்-வெஸ்ட். 1928 ஜனவரியில் தந்தை இறந்ததும், மகள் என்பதாலேயே, அவர் பிறந்து வளர்ந்த நோல் மாளிகை சித்தப்பாவுக்குப் போயிற்று. நாவலிலோ, ஆர்லாண்டோ வீடு திரும்பிய அன்றே வேட்டைநாய் க்யானூட் அவளைக் கீழே தள்ளிவிடும் வேகத்தில் மேலே பாய்கிறது. பிரபு என்பதா சீமாட்டி என்பதா என்று வீட்டு நிர்வாகி கிரிம்ஸ்டிச் அம்மாளுக்கு நாக்குக் குழறுகிறது. ஆள் யார் என்பதில் அவளுக்கோ மற்ற வேலைக்காரர்களுக்கோ ஒரு கணமும் சந்தேகம் இல்லை. நீதிமன்றத்துக்கு அதே முடிவுக்கு வர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அவள் பெண்ணே என்று தீர்ப்பாகிப் பட்டமும் மாளிகையும் திரும்பி வரும்போது, வழக்குச் செலவு அவளை ஏழையாக்கிவிட்டிருக்கிறது.