பறவையின் பங்கு

லாபத்தை எண்ணிச் செய்த நன்மையை அறம் என்று சொல்லலாமா? இப்படிக் கேட்கிற நண்பர்களுக்கு நான் வேடந்தாங்கலைச் சுட்டிக்காட்டுவது வழக்கம்.

செங்கற்பட்டு மாவட்டத்தில், ஏறத்தாழ முப்பது ஹெக்டேர் பரப்புள்ள சிறிய ஏரி அது. மழைக்காலம் வந்தால் நத்தைகுத்தி நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும், தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் நீரில் கரைகிறது. நீர் மதகு வழியே வயலுக்குப் பாய்கிறது. காசு கொடாத எருவில் நெல் விளைகிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் முறையிட்டார்கள் என்றும், 1798இல் லயனல் பிளேஸ் துரை அவர்களுக்குக் காவல் உரிமையைக் கவுலாக எழுதிக் கொடுத்தார் என்றும் சொல்வார்கள்.

“எருவுக்காகத்தானே காத்தார்கள்? இதில் அறம் எங்கே?” என்பார் நண்பர்.

பாலுக்காகப் பசு வளர்க்கிறவன் அதனிடம் அன்பு வைக்கக் கூடாதா, என்ன? ஆதாயத்தில் தொடங்கும் உறவு ஆதாயத்தோடு நின்றுவிட வேண்டியதில்லை. கல்யாணங்களில் பாதி அப்படித் தொடங்குகிறவைதாமே!

சோதனை வருவது, ஆதாயம் குறைகிறபோதுதான். உரம் மூட்டையில் வந்தது. எச்சத்தின் மதிப்புக் குறைந்தது. ஆலைகள் வந்தன, நிலத்தின் விலை ஏறிற்று. 1998இல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை சரணாலயமாக அறிவித்தார்கள். 2020இல் அதை மூன்றாகக் குறைக்கலாம் என்று வனத்துறையிடமிருந்தே ஒரு யோசனை கிளம்பிற்று. பலத்த எதிர்ப்பும் எழுந்தது. எதிர்ப்பில் நியாயம் உண்டு. பறவைக்கு ஏரி வீடு மட்டுமே. இரைக்கு அது சுற்றுப்புறத்து வயல்களையும் சிற்றேரிகளையும் நாடிப் பறக்கிறது. ஏரியை மட்டும் காத்துச் சுற்றுப்புறத்துக் காவலைத் தளர்த்துவது, விருந்தாளிக்குப் படுக்கையை விரித்துவிட்டுச் சமையற்கட்டைப் பூட்டுவது போன்றது.

ஆலையே வேண்டாம், வீடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கும் வேலை வேண்டும். வளர்ச்சியும் காப்பும் கூட்டாக நடக்கட்டும் என்கிறார்கள், நல்ல பேச்சுத்தான். ஆனால் கூட்டு வியாபாரத்தில் எல்லாப் பங்காளிகளும் கணக்குக் கேட்கலாம், சண்டை போடலாம், கோர்ட்டுக்கும் போகலாம். இந்தக் கூட்டில் மட்டும் ஒரு பங்காளிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பங்கைக் குறைத்தால் அது வழக்காடாது. அடுத்த ஆண்டு வராமல் இருந்துவிடும். ஆகையால் அதன் பங்குக்கு ஈடாக நிற்க வேண்டியது நம் மனச்சாட்சி ஒன்றுதான்.

அப்படி நிற்க மனிதனால் முடியுமா? சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுகுடிப்பட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. பக்கத்துக் கண்மாய்ப் பறவைகள் மிரளக் கூடாது என்று அவ்வூரார் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. குழந்தைகள்கூட இதற்கு உடன்படுகிறார்கள். எந்தப் பறவையும் அவர்களிடம் கேட்டு வாங்கிய விட்டுக்கொடுத்தல் அல்ல அது.

லாபம் கண்டு காப்பது ஒப்பந்தம். நஷ்டம் தெரிந்தும் காக்கிறபோது அதை அறம் என்று அழைக்க எனக்குத் தயக்கமில்லை.