விலையும் மதிப்பும்

ஒரு மனிதனின் மதிப்பை அளப்பது எது? அவன் பெறும் கூலியா, பிறர் அவனுக்கு அளிக்கும் இடமா, அன்றி அவன் கையிலுள்ள தொழிலா? இக்கேள்வி தத்துவ நூல் கற்றோர் மட்டுமே ஆராயத் தக்கது என்று நினைத்தல் தவறு. தோட்டத்தில் வாழும் நாமும் நாள்தோறும் இதற்கு விடை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். சொல்லுகிறோம் என்பதைத்தான் உணர்வதில்லை.

நான் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு தோட்டத்துக் கிராணி. இந்நாட்டில் வாணிப நோக்குடன் முதன்முதல் 1917ஆம் ஆண்டில் செம்பனை நடப்பட்ட தென்னமரம் தோட்டம் எங்கள் மாவட்டத்தைச் சேர்ந்ததே. காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவதும், மாலையில் அவரவர் வெட்டிய குலைகளைக் கணக்கில் ஏற்றுவதும் என் வேலை. குலை மிகுந்த மாதத்தில் ஒருவனைக் கெட்டிக்காரன் என்கிறோம். குலை குறைந்த மாதத்தில் அவனையே சோம்பேறி என்கிறோம். காய்ப்பதும் காயாததும் மரத்தின் செயல். அரிவாள் பிடித்த கையோ இரு மாதங்களிலும் ஒன்றே. இவ்வுண்மை என் கணக்குப் புத்தகத்தில் ஏறுவதில்லை.

இதனைத் தெளிவாக விளக்கும் வாழ்க்கை ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் 1991இல் பிறந்த த. நடராஜன் என்னும் பந்துவீச்சாளரின் வாழ்க்கையே அது. தந்தை நெசவுத் தொழிலில் கூலி வேலை செய்தவர். தாய் சாலையோரத்தில் கடை வைத்துக் கோழிக்கறி விற்றவர். வாலிபப் பருவம் வரை அவர் கையிலிருந்தது டென்னிஸ் பந்துதான். ஜெயப்பிரகாஷ் என்னும் ஊர்க்காரர் அவர் திறமையைக் கண்டு சென்னைக்குச் செல்ல வழி செய்தார். 2015 ஜனவரியில் தமிழ்நாட்டு அணிக்காக ரஞ்சிப் போட்டியில் முதன்முதலாக ஆடினார். ஆடிய உடனே, அவர் பந்து வீசும் முறை விதிக்கு உட்பட்டதுதானா என்ற ஐயம் எழுந்தது. ஏறிய முதற்படியிலேயே இறங்க நேர்ந்தது. கையின் பழக்கத்தை மாற்றுவது எளிதன்று. பிறந்தது முதல் பேசிய மொழியை மறந்து வேறு மொழி பழகுவது போன்றது. அவர் அதையும் செய்தார்.

2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் என்னும் புதிய போட்டி தொடங்கியது. அதில் மட்டையாளரின் காலடியிலேயே விழும் ‘யார்க்கர்’ பந்துகளால் அவர் பெயர் பரவியது. 2017இல் இந்தியன் பிரீமியர் லீக் ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. ஆறு ஆட்டங்களில் இரண்டே விக்கெட்டுகள் கிடைத்தன. அணி அவரை விடுவித்தது. 2018இல் ஐதராபாத் அணி எடுத்த விலை 40 லட்சம். அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் அவருக்கு ஓர் ஆட்டமும் கிட்டவில்லை. 2020இல் வாய்ப்பு வந்தபோது 16 விக்கெட்டுகளை வீழ்த்தினார். டிவில்லியர்ஸ் என்னும் உலகப் புகழ் பெற்ற மட்டையாளரின் குச்சியையும் ஒரு யார்க்கரால் பெயர்த்தார். பின்னர் ஆஸ்திரேலியாவுக்குப் பயிற்சி வலையில் பந்து வீசிக் கொடுக்கும் துணை ஆளாகச் சென்றவர், பிறர் காயமுற்றதால் களத்தில் இறங்கினார். 2020 டிசம்பர் 2ஆம் நாள் ஒரு நாள் ஆட்டம், 4ஆம் நாள் இருபது ஓவர் ஆட்டம், 2021 ஜனவரி 15ஆம் நாள் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆட்டம் என மூவகையிலும் இந்தியாவுக்காக முதன்முதல் ஆடியது அந்த ஒரே பயணத்தில்தான். சில மாதங்களில் முழங்காலில் அறுவை சிகிச்சை, மறுபடியும் இறக்கம். 2022இல் அவர் விலை 4 கோடி. 2024இல் 19 விக்கெட்டுகள். அவ்வாண்டு இறுதியில் டெல்லி அணி கொடுத்த விலை 10 கோடியே 75 லட்சம். அப்பெருவிலைக்குப் பின் வந்த 2025ஆம் ஆண்டிலோ பெரும்பாலும் வெளியே அமர்ந்திருந்தார்.

வாசகர்களே, இவ்வெண்களைச் சற்று ஒப்பிட்டுப் பாருங்கள். 40 லட்சம் விலை பெற்ற காலத்தில்தான் அவர் உலகம் வியக்கும் செயல் புரிந்தார். ஏறத்தாழ 11 கோடி விலை பெற்ற பின் ஆட்டமின்றி அமர்ந்திருந்தார். ஆகவே விலை என்பது அவரைப் பற்றிய செய்தியன்று. வாங்கியவரின் அன்றைய தேவையைப் பற்றிய செய்தி. மதிப்போ, யாரும் பாராத இரண்டு ஆண்டுகளிலும் தொழிலை மறக்காமல் வைத்திருந்த அந்தக் கையில் இருந்தது.

இஃது ஒருவர் கதை மட்டுமன்று. அமெரிக்காவில் ஆடப்படும் பேஸ்பால் ஆட்டத்தில் எட்வின் ஜாக்சன் என்னும் பந்தெறிபவர் 14 கழகங்களுக்கு ஆடினார். 2010 ஜூன் 25ஆம் நாள், எதிரணியில் எவருக்கும் ஒரு ‘ஹிட்’டும் கிட்டாதபடி முழு ஆட்டத்தையும் எறிந்து முடித்தார். எறிந்தவை 149 பந்துகள். வாழ்நாளில் ஒரு முறை வாய்த்தாலே பெரும் பேறாகக் கருதப்படும் செயல் அது. அதற்கு ஐந்து வாரத்திற்குப் பின் அவர் கழகம் அவரை வேறொரு கழகத்துக்கு மாற்றிக் கொடுத்துவிட்டது! தோட்டம் கைமாறினால் நேற்றைய உழைப்பைப் புதிய துரை கேட்பதில்லை என்பதை அறிந்த நமக்கு இது வியப்பளிக்காது.

“எல்லாம் தலையெழுத்து, ஏறுவதும் இறங்குவதும் நம் கையில் இல்லை” என்று சிலர் சொல்லக்கூடும். “உழைப்பவன் உயர்ந்தே தீருவான்” என்று வேறு சிலர் சொல்லக்கூடும். இவ்விரண்டும் பாதி உண்மையே. முன்னது சோம்பலுக்கு மெத்தை விரிக்கிறது. பின்னதோ, உயராதவன் உழைக்காதவன் என்ற அநீதியான தீர்ப்பை ஓசையின்றி எழுதிவிடுகிறது. நடராஜனுக்கு இணையாக உழைத்து, அழைப்பு வராமலே முதிர்ந்தவர்கள் எத்தனை பேரோ! ஒரு ஜெயப்பிரகாஷ் இல்லாதிருந்தால், 2016இல் ஒரு புதிய வாசல் திறவாதிருந்தால், அவர் கை மட்டும் என்ன செய்திருக்கும்? உழைப்பு ஒருவனுடையது, வாசலோ மனிதர் கட்டுவது. அதை எந்தத் தெய்வமும் அடைத்ததில்லை.

இங்கே என் குற்றமொன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்து இளைஞன் ஒருவன், கால்பந்தில் கோல் காப்பதில் வல்லவன், பட்டணத்தில் நடந்த தேர்வுக்குச் சென்று முதல் நாளே திருப்பி அனுப்பப்பட்டான். அவன் தந்தை என்னிடம் யோசனை கேட்க வந்தார்.

“கிராணி ஐயா, அடுத்த வருஷமும் போய்ப் பார்க்கட்டுமா?”

“விளையாட்டுப் போதும், அண்ணே. பெயரைக் கொடுங்கள், செக்ரோலில் எழுதிவிடுகிறேன்” என்றேன்.

“சரி ஐயா, அவன் தலையெழுத்து அவ்வளவுதான்” என்று பெருமூச்சு விட்டார் அவர்.

அந்தப் பெருமூச்சு இன்றும் என் காதில் இருக்கிறது. அந்த எழுத்தை எழுதியது யார்? தலையில் எவரும் எழுதவில்லை. செக்ரோலில் நான்தான் எழுதினேன், என் பேனாவால், ஒரே நாள் தேர்வை அவனுடைய முழு மதிப்பாக எண்ணி. இன்று அவன் நன்றாகவே குலை வெட்டுகிறான். அத்தொழிலில் இழிவு ஒன்றுமில்லை. ஆயினும் மறுமுறை போய்ப் பார்க்கும் உரிமை அவனுக்கு இருந்தது. அதை நான் எடுத்துக்கொண்டேன்.

நடராஜன் தம் ஊரில் ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்தார். 2023இல் அது திறக்கப்பட்டது. அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் அனைத்தினும் இச்செயலையே நான் பெரிதாகக் கருதுகிறேன். தமக்குப் பிறர் திறந்த வாசலைத் தமக்குப் பின் அடைத்துவிடாமல், அகலமாக்கி வைத்தார் அல்லவா?

நம் தோட்டங்களில் இருக்கும் திடல்களில் புல் மண்டிக் கிடக்கிறது. அவற்றைச் செதுக்குவதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. ஒரு முறை தோற்று வந்த பிள்ளையிடம் “மறுமுறை எப்போது?” என்று கேட்பதற்கோ ஒரு காசும் வேண்டியதில்லை. அக்கேள்வியை நான் காலங்கடந்து கற்றேன். அடுத்த முறை ஒரு தந்தை என் மேசைக்கு முன் வந்து நின்றால், பேனாவை எடுக்குமுன் அதைக் கேட்பேன்.