அந்தக் கண்ணீர் யாருக்கு?



கூடப் படித்தவன், கூட விளையாடியவன் மரித்துப் போனால் நெஞ்சு வெடிக்கத்தான் செய்யும். அதைக் குற்றமென்று எவரும் சொல்லார். லாசரின் கல்லறையண்டை நமதாண்டவரே அழுதார். ஆனால் அந்தக் கண்ணீர் யாருக்காக என்று என்றாவது யோசித்ததுண்டா?

அர்ச். அகுஸ்தீன் யோசித்தார். 354-ம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் தகாஸ்தே என்னும் ஊரில் பிறந்த அவருக்கு, சிறுவயது முதல் கூடவே வளர்ந்த சிநேகிதன் ஒருவன் இருந்தான். தம் ஜீவியத்தைச் சர்வேசுரனிடம் அறிக்கையிட்டு எழுதிய நூலின் 4-ம் பாகத்தில் அவனைப்பற்றிச் சொல்கிறார். பெயரை மட்டும் சொல்லவில்லை. அந்த வாலிபன் காய்ச்சலால் நினைவு தப்பிக் கிடந்தபோது ஞானஸ்நானம் பெற்றான். சற்றுத் தேறியதும், அக்காலத்தில் பதித மதத்திலிருந்த அகுஸ்தீன் அதைப் பரிகாசம் பண்ணினார். சிநேகிதன் சிரிக்கவில்லை. சிநேகம் வேண்டுமானால் இப்பேச்சை விடு என்று கண்டித்தான். சில நாளில் மறுபடி காய்ச்சல் கண்டு இறந்தான். அகுஸ்தீன் அருகில் இல்லை. பிறந்த ஊரே அவருக்கு வேதனையாகிவிட, கார்த்தேஜ் பட்டணத்துக்கு ஓடிப்போனார். அவன் மதித்த ஞானஸ்நானத்தை அவர் பெறுவதற்கு 387-ம் ஆண்டு வரை ஆயிற்று.

மேற்றிராணியாரான பின் இதை எழுதும்போது அவர் தம்மைத் தாட்சணியமின்றிச் சோதிக்கிறார். அழுகையே அன்று தமக்கு இனிப்பாயிருந்தது என்கிறார். சிநேகிதனைவிடத் தம்முடைய துயர வாழ்வே தமக்கு அருமையாயிருந்தது என்கிறார். ஆம், துக்கத்துக்கும் ஒரு ருசி உண்டு. சாவு வீட்டில் உரக்க அழுதவர், முப்பதாம் நாள் பூசைக்குப் பின் அந்தத் தெருவில் தலைகாட்டாமலிருப்பதை நாம் பார்க்கவில்லையா?

வேறு விதமாய்த் துக்கித்தவரும் உண்டு. அதற்கு ஆப்பிரிக்கா போகவேண்டாம். நம் விராலிமலையிலிருந்து மதுரைச் சாலையில் கொட்டாம்பட்டி சென்று, சிங்கம்புணரிப் பக்கம் திரும்பினால் பிரான்மலை. அதுவே பாரி ஆண்ட பறம்புமலை என்பர். மூவேந்தரால் பாரி மாண்டபோது, அவன் உயிர்த்தோழர் கபிலர் பாடி அழுதது புறநானூற்றில் இருக்கிறது. அழுததோடு அவர் நிற்கவில்லை. திக்கற்ற பாரி மகளிரை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடம் போனார். அவன் மணந்துகொள்ளச் சம்மதிக்கவில்லை. இருங்கோவேளிடம் போனார், அவனும் மறுத்தான். அரசர்கள் மதித்த புலவர், தோழன் பெற்ற பிள்ளைகளுக்காக அரண்மனை வாசல்களில் அந்த அவமானத்தைச் சகித்தார். அவர்களைத் தக்கவரிடம் ஒப்புவித்த பிறகே வடக்கிருந்து உயிர் விட்டார். (அந்த முடிவு கிறிஸ்தவனுக்கு ஆகாது, அதற்கு முன் செய்ததைப் பாருங்கள்.)

இறந்த சிநேகிதனின் ஆத்துமத்துக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பது முதற் கடமை. ஆனால் அவன் பாதியில் விட்டுப்போன காரியங்கள் இங்கேதானே கிடக்கின்றன! அவன் தாயார் கண்புரையோடு தனியே அடுப்பூதுகிறாளா? அவன் மகன் படிப்பை நிறுத்திவிட்டானா? எழுத்தில்லாமல் நம்பிக்கையின்பேரில் அவன் உங்களுக்குக் கொடுத்த பணம் என்னவாயிற்று? அதை உங்களையும் சர்வேசுரனையும் தவிர ஒருவரும் அறியார். அவன் மனைவியிடம் அதைக் கொடுக்கும்போது உதவியென்று சொல்லாதீர்கள். கடனென்று சொல்லியே கொடுங்கள்.