தர்மாஸ்பத்திரி

சீமையில் சில வருஷங்கள் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. எதைப் பார்த்தாலும், ‘அங்கே இப்படியா?’ என்று கேட்டுவிடலாம். பதில் சொல்லும் பொறுப்பு அவனுக்கு இல்லை.

நெய்வேலி நகரியம் அழகான ஊர். எண்ணிட்ட வட்டங்கள், மரநிழல் வீதிகள், ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் நல்லதோர் ஆஸ்பத்திரி. அங்கே போகிற ஊழியர் யாரிடமும் கெஞ்சுவதில்லை. வேலையோடு வந்த உரிமை அது.

நான் தங்கியிருந்த உறவினர் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாளின் புருஷனுக்கு நெஞ்சுவலி. துணைக்கு, வெளியூர் அரசு ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனேன். கட்டிலுக்கு இருவர், மற்றவர்களுக்குத் தரையில் பாய். ஒரே ஒரு நர்ஸ், காலையிலிருந்து உட்காராமல் ஓடிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் பொதுவில் சத்தம் போட்டேன். அந்த அம்மாள் பதறிப்போய், “சத்தம் போடாதீங்க சார். தர்மாஸ்பத்திரி. பாக்குறதே பெரிசு” என்றாள்.

தர்மம் செய்தவர் யார், வாங்கியவர் யார்? 1956-ல் நிறுவனம் பிறந்தது. 1957-ல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1962-ல் மின்சாரம் வந்தது. அதற்கெல்லாம் நிலம் கொடுத்தவை சுற்றுக் கிராமங்கள். இவளுடைய தாய் வீடும் சுரங்கத்துக்குள் போய்விட்டது. ஊர் திரும்ப எனக்காவது ஊர் இருந்தது!

இங்கிலாந்தில் 1948 ஜூலையில் தேசிய சுகாதார சேவை தொடங்கிற்று. குறையில்லாத இடமல்ல, அங்கும் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஆனால் காத்திருக்கிறவன் திட்டிக்கொண்டே காத்திருக்கிறான். தன் வரிப்பணத்தில் நடப்பது என்ற நினைப்பு. இங்கேயும் நடப்பது நம் பணத்தில்தான். மருந்து வாங்குவதற்கென்றே 1994-ல் ஒரு கழகம் அமைத்த மாநிலம் இது. அன்று எங்களுக்கும் மாத்திரை காசில்லாமல் கிடைத்தது. அதை அவள் பிச்சை வாங்குவதுபோல் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

உறவினரிடம் சொன்னேன். “கம்பெனி கிராமங்களிலே முகாம் நடத்துகிறதே! ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்க்க அது என்ன சர்க்காரா?” என்றார்.

“பெரும் பங்கு சர்க்காருடையதுதானே? முகாம் வரும், போகும். நெஞ்சுவலி அந்தத் தேதிக்கா வரும்?” என்றேன்.

அவர் பேசவில்லை. அந்த அம்மாள் மட்டும் வாசற்படியில் நின்று, அடுத்த வாரம் கடலூர் ஆஸ்பத்திரிக்குப் புருஷனைக் கூட்டிப் போக எந்த பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.